மூன்றாவது ஆளுக்கான இடம்

தங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெயில் காலம். மதியம் மூன்று மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. எங்கள் சந்துக்குள் ஆட்டோ வந்தால் யாருக்காவது பிரசவம், இல்லாவிட்டால் யாராவது கீழே விழுந்திருப்பார்கள். எட்டிப் பார்த்தேன். தங்கம் இறங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கம் என் வீட்டுக்காரரின் தங்கச்சி. எங்கள் வீட்டுப் படியை மிதித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே வேதக்கோயிலுக்குத்தான் போகிறோம். நடுவில் ஐந்து பெஞ்சு இருக்கும். ஐந்து பெஞ்சு போதும், ஒருவர் செத்தால்கூட இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

"மதினி, இருக்கீகளா?"

கீரையும் கையுமாக அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். "இருக்கேன்" என்றேன்.

ஒரு மிக்சர் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. அம்புட்டு மெலிந்திருந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

"கீரை நல்லாருக்கே."

"பின்னாடி மரத்துக் கீரை."

"நான் வந்து போயிட்டு இருந்தப்ப மரம் இல்லையே?"

"இத்தன வருசத்துல மரம் வளராதா?"

அதற்கு மேல் மரத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வயித்துல கட்டியாம் மதினி. பெரியாஸ்பத்திரில பாத்துட்டாக. அறுத்தும் பிரயோசனம் இல்லையாம். கிறிஸ்மஸ் வரைக்கும் இருப்பேனான்னு கேட்டேன். டாக்டரம்மா சன்னல் பக்கம் பாக்குது."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சட்டென்று பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "மோர் குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"மோர் வேணாம். ஒரு கையெழுத்து வேணும்." பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "அண்ணன் குழியில எனக்கு எடம் குடுங்க."

ஒரு குழி, மூன்று பேர்

போன வாரம் இந்தப் பத்தியில், சத்துணவுக் கூடத்தில் நான் அவித்த முட்டைகளைப் பற்றிச் சொன்னேன். நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரர் எழுதிக்கொள்வார். இந்த வாரம் கல்லறைத் தோட்டம். எனக்குத் தெரிந்தது இந்த இரண்டு இடமும்தான்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்ததாம். ஊர் வளர்ந்தது, தோட்டம் வளரவில்லை. இப்போது மருந்துக்கும் புதுக் குழி வெட்ட இடம் கிடையாது. அதனால் கமிட்டியில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். குடும்பக் குழி உள்ளவர்கள், போதுமான வருடம் கழித்து, அதே குழியைத் திறந்து இன்னொருவரை வைக்கலாம். ஒரு குழிக்கு மூன்று பேர். மூன்றாவது ஆளை வைத்ததும் மேலே சிமெண்ட் போட்டுப் பூசிவிடுவார்கள். அதற்குப் பிறகு நியாயத்தீர்ப்பு நாளில்தான் திறக்கும்.

குழி இல்லாதவர்களுக்குத் திருமங்கலம் போகிற ரோட்டில் சபை வாங்கிப் போட்டிருக்கும் புது இடம்.

எங்கள் குழியில் முதலில் என் மாமியார். அவர் மேல் என் வீட்டுக்காரர். மூன்றாவது இடம் எனக்கு. இதை யாரும் எழுதித் தரவில்லை, ஆனாலும் அது என் இடம் என்று சபை முழுக்கத் தெரியும். முப்பத்தொரு வருடம் அவர் பக்கத்தில் படுத்தவள், கடைசியிலும் அங்கேதான் போய்ப் படுப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தங்கத்துக்கு அப்படி இடம் இல்லை. அவள் வீட்டுக்காரர் வேறு மதம். அவரை அவர்கள் வழக்கப்படி எரித்து, சாம்பலை வைகையில் கரைத்தார்கள். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டுபோய் ஊற்றிக் கரைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளும் இல்லை.

"அதுல நானில்ல போகணும்" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன். அதுல எங்காத்தா இருக்கால்ல."

"திருமங்கலம் ரோட்டுல புது எடம் நல்லாருக்குன்னு சொல்றாங்க."

"அங்க பஸ் நிக்காது மதினி."

"செத்ததுக்கப்புறம் நீ எங்க பஸ் ஏறப் போற?"

"எனக்கில்ல. என்னப் பாக்க வாரவகளுக்கு."

"யார் வரப்போறா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது. பேச்சு வராத எனக்கு அன்று எப்படி இப்படி ஒன்று வந்தது என்று தெரியவில்லை. தங்கம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கொத்தை எடுத்து மடியில் வைத்து அவளும் உருவத் தொடங்கினாள். இரண்டு பேரும் உருவியதில் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று தாளை வாங்கி, அரிசி டப்பாவின் மேல் வைத்தேன்.

மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன். பசியும் எடுத்தது.

எங்கள் சபையில் யாரும் எழுந்து நின்றதில்லை

எனக்கு ஒரே பிள்ளை, ரூபி. அவளுக்கு இருபத்து நாலு வயதில் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மின்சார ஆபீசில் வேலை. நிச்சயத்தில் மோதிரமும் வேதப்புத்தகமும் மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் செய்ய ஏற்பாடாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று ஐயர் கேட்பார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பக்கத்தைத் திருப்பிவிடுவார். தடை சொல்லி யாரும் எழுந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை.

மூன்றாவது ஞாயிறு தங்கம் எழுந்து நின்றாள்.

"ஐயரே, பிள்ளைக்கு வலிப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிருங்க."

ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆர்மோனியம் வாசிக்கிறவருக்குக் காது மந்தம். யாரோ எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசிக்க ஆரம்பித்தார். வாசித்ததும் சபையும் எழுந்தது. முந்நூறு பேரும் பாதிப் பாட்டைப் பாடினார்கள். ரூபியும் பாடினாள். என் பக்கத்தில் நின்று, வாயைத் திறந்து, ஒரு எழுத்து விடாமல் பாடினாள். எனக்கு அந்தப் பாட்டு இப்போதும் ஆகாது.

வலிப்பு என்பது பொய் இல்லை. மூன்று வயதில் காய்ச்சலில் இரண்டு தடவை வந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சீக்கு சங்கடம் ஏதும் உண்டா என்று கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று வாயால் சொல்லவில்லை. கூச்சத்தில் ஆட்டினேன். அவர்கள் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

தங்கத்துக்கு அது எப்படித் தெரியும் என்றால், வலிப்பு வந்த அன்று பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே அவள்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்படிப்பட்டவள் ஏன் எழுந்து நின்றாள்? அதற்கும் காரணம் உண்டு. கல்யாணப் பத்திரிகையை நான் அவளுக்குத் தபாலில் அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் செய்ய மாட்டார்கள். பொண்ணுக்கு அத்தை என்றால் முதல் பத்திரிகை அவளுக்கு. பெற்றவள் நேரில் போய், தட்டில் பழம், வெற்றிலை வைத்துக் கூப்பிட வேண்டும். தங்கம் இருந்தது அடுத்த தெருவில். ஆனால் அவள் வீட்டு முன்பக்கம் சைக்கிள் கடை. அங்கே எந்நேரமும் நாலு ஆம்பளைகள் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு நாள் தட்டோடு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த வாரம் மோதிரமும் வேதப்புத்தகமும் மஞ்சப்பையில் திரும்பி வந்தன. கொண்டுவந்த ஆள் பையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ரூபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு இரண்டு இடம் வந்தது. "இன்னொரு தடவ ஓலை வாசிக்கிறத நான் உக்காந்து கேக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டாள். இப்போது உசிலம்பட்டியில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதிக்கு வார்டனாக இருக்கிறாள். நரைத்துவிட்டது.

ஆட்டுக்கு எத்தனை எலும்பு

பழிவாங்குவதென்றால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று இல்லை. எனக்கு அதற்குத் தெம்பும் கிடையாது. எங்கள் கோயிலில் வருடத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். சபை முழுக்க வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. கறியும் சோறும். சமைக்கிறது, பரிமாறுகிறது எல்லாம் நாங்களே. நான் சத்துணவில் வேலை பார்த்தவள் என்பதால் கறி வாளி என் கையில்தான்.

வருடா வருடம் தங்கத்தின் இலைக்கு நான் எலும்பாகப் பார்த்துப் போட்டேன். கரண்டியால் துழாவி, சதை இல்லாததாக எடுப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. அவள் சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒரு வருடம் மட்டும், இலையைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "ஒரு ஆட்டுக்கு இம்புட்டு எலும்பு உண்டா? எல்லா ஆடும் சேந்து என் எலையிலதான் நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.

என் வீட்டுக்காரர் அவளை எப்போதோ மன்னித்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெளியே போய்விட்டு வருவார். வந்தால் பசிக்காது. சட்டையில் அயிரைமீன் குழம்பு வாசம் அடிக்கும். நான் கேட்கவில்லை. அவர் சாகும்வரை சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சோறு மிஞ்சியது.

கோயிலில் கர்த்தர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சபையாக எழுந்து நின்று சொல்வோம். அதில், நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்ற அர்த்தத்தில் ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது நான் முந்தானையைச் சரிசெய்வேன். வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வேன். இத்தனை வருடமும் அப்படியே ஓடியது. பக்கத்தில் நின்றவர்கள் என்னை அடக்கமான பொம்பளை என்று நினைத்திருப்பார்கள்.

ஐயர் வந்தார்

மூன்று வாரம் ஆனதும் ஐயர் வீட்டுக்கு வந்தார். இப்போது இருப்பவர் சின்ன வயதுக்காரர். மோட்டார் சைக்கிளில்தான் விசிட்டிங் வருவார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நல்லாத்தான் பேசினார். நான் "ஆமாங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தர் தப்பு பண்ணா எத்தன தடவ மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லிருக்காரு, தெரியுமாம்மா?"

"தெரியுங்கய்யா. கணக்கே பாக்கக் கூடாதுன்னு."

"நீங்க எத்தன தடவ மன்னிச்சீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலங்கய்யா."

ஐயர் காபியைக் குடித்தார். பிறகு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பைப் போடும்போது, "உங்க எடம்தான்மா அது. கமிட்டி உங்களக் கட்டாயப்படுத்தாது. நீங்களா மனசு வச்சாத்தான்" என்றார். அவர் கட்டாயப்படுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபப்பட்டு மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தங்கத்தைக் கூட்டிக்கொண்டுபோய்ப் புது இடத்தைக் காட்டினால் என்ன? பார்த்துவிட்டால் பிடித்துவிடும். நானும் கெட்டவளாக வேண்டாம்.

திருமங்கலம் ரோடு

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். நான் சொல்லத் தயங்கினேன். தங்கம் சொன்னாள், "புதுக் கல்லறைத் தோட்டம்."

"இப்பவேவா? ரெண்டு பேருக்கும் இன்னும் நாளிருக்கு பாட்டி."

"எடம் புடிச்சுப் போடப் போறோம்ப்பா. கூட்டம் ஏறிட்டா கெடைக்காதுல்ல."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர் தோட்டத்துக்கு எதிரிலேயே விசில் கொடுத்து நிறுத்தினார். "பாத்தியா, பஸ் நிக்கிது" என்றேன். தங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, ஒரு அடிபம்பு. ஏழு குழி இருந்தது. மீதியெல்லாம் கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும். நாலைந்து வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. இருந்த ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் வீட்டு புரோக்கர் மாதிரிப் பேசினேன்.

"நல்ல காத்து."

"ம்."

"தண்ணி வசதி இருக்கு."

"ம்."

"நெருக்கடி இல்ல. கால நீட்டிப் படுக்கலாம்."

"அங்க மட்டும் கால மடக்கியா படுத்திருக்காக?" என்றாள். சொன்னவள் அப்படியே முன்னால் மடங்கிவிட்டாள். வலி வந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆடு ஒன்று வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

வலி விட்டதும் பம்பில் தண்ணீர் அடித்து முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"ரூபி நல்லாருக்காளா?" என்று கேட்டாள்.

"அவ பேர நீ சொல்லாத."

"நான் பொய் சொல்லல மதினி."

"பொய்யின்னு நான் சொன்னனா? அடுப்படில வந்து எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? என் கன்னத்துல நாலு அற அறஞ்சிருக்கலாம்ல?"

"தபால்ல போட்டீகள்ல. அடுத்த தெருவுல இருக்கேன். தபால்காரன் கேரம் போர்டு மேல போட்டுட்டுப் போறான். அம்புட்டு ஆம்பளைகளும் பாக்குறாக, கூடப்பொறந்தவன் வீட்டுப் பத்திரிகை தபால்ல வருதுன்னு. அவளத் தூக்கிட்டு ஓடுனவ நானு." மூச்சு வாங்கினாள். "கோயில்ல எந்திரிச்சு நின்னேன். நிக்கும்போதே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள வாய் பேசிருச்சு."

மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். நானும் அதற்கு ஏற்ற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அவள் திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஒன்றை யோசித்தேன். நான் கையெழுத்துப் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தை இங்கே எட்டாவது ஆளாக வைப்பார்கள். பிறகு என் முறை வரும். அவர் பக்கத்தில் கொண்டுபோய் என்னை வைப்பார்கள். அவர் முதலில் என்ன கேட்பார்? எனக்குத் தெரியும். தங்கம் எங்கே என்றுதான் கேட்பார். திருமங்கலம் ரோட்டில் இருக்கிறாள், நல்ல காற்று என்று நான் சொல்ல முடியுமா? அங்கே பேச்சை மாற்ற மோரும் கிடையாது.

ஆண்டவரும் கேட்பார். அவரிடம் முந்தானையைச் சரிசெய்ய முடியாது.

கையெழுத்து

ஆனாலும் அநியாயம் நடந்தது எனக்கு மட்டும் இல்லை. ரூபிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது உன் எடம்மா. நீ எங்க போவ?"

"எட்டோ ஒம்பதோ, அங்க ஒண்ணு குடுப்பாங்க."

"அப்பாவ விட்டுட்டா?"

"ஆமா."

அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. "எங்கிட்ட கேக்காதம்மா. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். நீ குடுக்கிறதுன்னா குடு. நான் மன்னிக்கிறதுக்கு எனக்கு இன்னும் நாள் வேணும்."

நான் அவளை அவசரப்படுத்தவில்லை. எனக்கே எம்புட்டு வருடம் ஆகியிருக்கிறது.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு தல்லாகுளத்தில், வீட்டுக்காரர் போன பிறகு தங்கம் மாறிப்போய்க் குடியிருந்த ஒற்றை அறைக்குப் போனேன். அஞ்சாம் வகுப்புப் படித்தவள் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். தங்கம் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நடுவில் நிறுத்திவிடுவேனோ என்று. போட்டு முடித்தேன்.

"அப்ப மன்னிச்சிட்டீகளா மதினி?"

"இது எடத்துக்கு ஃபாரம். மன்னிப்புக்கு ஃபாரம் இல்ல."

"அப்ப இல்லையா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்ல. மீதி பின்னாடி வரும். வரலைன்னா நான் என்ன செய்ய?"

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு ஜெபத்தில் அந்த வரி வந்தபோது, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். நெஞ்சு நிறைந்தது, பாரம் இறங்கியது என்றெல்லாம் சாட்சி சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வரியைச் சொன்னேன், முடிந்தது.

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப்போய்க் கஞ்சி கொடுத்து வந்தேன். மனசு இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கையெழுத்துப் போட்ட பிறகு கஞ்சி கொடுக்காமல் இருப்பது கோணலாகத் தெரிந்தது. ஒரு நாள் ஆட்டு நெஞ்செலும்பு வாங்கி சூப் வைத்துக் கொண்டுபோனேன். கரண்டியால் துழாவிப் பார்த்தாள்.

"இதுலயும் எலும்புதானா மதினி?"

"சூப்புக்கு எலும்புதான் வேணும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்குச் சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்று பிடி

கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் இருக்கும்போது தங்கம் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று விடியற்காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது.

குழியைத் திறந்தவர் கருப்பையா அண்ணன். தோட்டத்துக் குழி எல்லாம் அவர்தான் வெட்டுவார். பழையவர்களின் எலும்பை எடுத்து, வெள்ளைத் துணியில் தனித்தனியாக முடிந்து, புதுப் பெட்டியை இறக்கியதும் அதன் மேல் வைப்பது வழக்கம். வைக்கிறது குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும்.

"இது ஆத்தா. இது அண்ணே" என்று இரண்டு முடிச்சை என் முன்னால் நீட்டினார் கருப்பையா அண்ணன்.

என் வீட்டுக்காரர் ஆறடி ஆள். நடந்துவந்தால் எங்கள் சந்து அடைத்துக்கொள்ளும். முடிச்சு ஒரு படி அரிசி கனம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது இடம் கீழே இருந்தது. பெட்டி அதில் சரியாக உட்கார்ந்திருந்தது. நான் அவளைவிடக் கொஞ்சம் குள்ளம், எனக்கு இன்னும் தாராளமாக இருந்திருக்கும்.

கருப்பையா அண்ணன் குழிக்குள் நின்று கையை நீட்டினார். முதலில் அவள் ஆத்தாளைக் கொடுத்தேன். பிறகு அவரைக் கொடுத்தேன்.

ரூபி வந்திருந்தாள். குழிப் பக்கம் வரவில்லை, கதவோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்தால் கேட்டதுபோல் ஆகிவிடும்.

ஐயர் ஜெபத்தை முடித்துவிட்டு, சொந்தக்காரர்கள் மண் போடலாம் என்றார். சொந்தம் என்று முன்னால் நின்றது நான் ஒருத்திதான். மூன்று பிடி போட வேண்டும். குனிந்து அள்ளினேன். மழை ஈரத்தில் மண் கட்டியாக வந்தது. முதல் பிடி போட்டேன். இரண்டாவது பிடி போட்டேன். மூன்றாவது பிடியைக் கொஞ்சம் வேகமாகத்தான் போட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அந்த மண்ணுக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது. பெட்டியின் தலைமாட்டில் டொக்கென்று விழுந்தது. எல்லாருக்கும் கேட்டது. ஐயர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

குழி விளிம்பில் உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மன்னிச்சிரு தங்கம், வேணும்னு போடல" என்று சொன்னேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தர் ஒருத்தரிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்டது நான். கருப்பையா அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நான் எழுந்திருக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.